கேளுங்க, சொல்றோம்: ஊசி போடுவதா, ஒத்திப் போடுவதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தைத் தடுப்பூசி பற்றியவை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பதில் சொல்பவர்கள் ஒரு குழந்தை மருத்துவரும் ஒரு கிராம சுகாதார செவிலியரும்.

எங்களுக்கு முதல் குழந்தை. பிறந்து 38 நாள் ஆகிறது. ஆறாவது வாரத்தில் ஒரே நாளில் மூணு ஊசி, ரெண்டு சொட்டு மருந்து என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனாங்க. "ஆறு மாசம் போகட்டும், அப்புறம் ஒவ்வொண்ணாப் போட்டுக்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர். எது எப்போது என்று பெற்றவர்கள் முடிவு செய்ய உரிமை இல்லீங்களா?
*வாசகி, காங்கேயம்*

உரிமை இருக்கிறது. 2019 ஜனவரியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடக்கூடாது என்று டில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2022 மே மாதம் ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கொரோனா ஊசி பற்றிய வழக்கு. பொதுச் சுகாதாரத்துக்காக அரசு சில கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே உங்கள் சம்மதம் இல்லாமல் நர்ஸம்மா ஊசி போடமாட்டார். "என்ன மருந்து, எதற்கு, பக்கவிளைவு என்ன" என்று நீங்கள் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

ஆனால் முடிவு செய்வதென்றால் "ஊசி" என்று மொத்தமாக வைத்து முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு நோயும் எந்த வயதில் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆறாவது வாரத்தில் இடது தொடையில் போடுவது பென்டாவேலன்ட், 0.5 மில்லி. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. வலது தொடையில் நியூமோகாக்கல் ஊசி, அது நிமோனியாவுக்கு. வலது மேல்கையில் தோலுக்குள் 0.1 மில்லி போலியோ ஊசி. இவற்றோடு போலியோ சொட்டு மருந்து இரண்டு துளி, வயிற்றுப்போக்குக்கு ரோட்டா சொட்டு மருந்து.

இவற்றில் கக்குவான் இருமலைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு அது பல வாரம் விடாத இருமல், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கோ இருமக்கூடத் தெம்பு இருக்காது. மூச்சு நின்று நீலம் பாரிக்கும். சாவுகள் பெரும்பாலும் இந்த வயதில்தான். வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் அப்பாருவிடமிருந்தோ, பள்ளிக்கூடம் போகும் அக்காவிடமிருந்தோ வந்துவிடும். ஆறு, பத்து, பதினான்கு என்று வாரக் கணக்கு வைத்ததற்கு இதுதான் காரணம். உங்கள் வீட்டுக்காரர் சொல்கிறபடி ஆறு மாதம் கழித்து ஆரம்பித்தால், ஊசி எந்த ஆபத்துக்காக இருக்கிறதோ அந்த ஆபத்தைக் குழந்தை வெறுங்கையோடு கடந்திருக்கும், அல்லது கடக்காமல் போயிருக்கும்.

"ஒவ்வொண்ணா" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பென்டாவேலன்டைப் பிரித்து ஐந்து ஊசியாக அரசு மையத்தில் தரமாட்டார்கள். மூன்று ஊசியை மூன்று வாரத்துக்குப் பிரித்தால் மூன்று முறை அழுகை, மூன்று முறை பஸ், நடுவில் ஒரு சளி, ஒரு கல்யாணம். கடைசி ஊசி விட்டுப்போவது இப்படித்தான். ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு இன்னொரு விதியும் குறுக்கே வரும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போடலாம். தவறினால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். சொந்தமாக அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் சறுக்குகிறார்கள்.

உங்களுக்கு நிஜமாகவே இடம் இருக்கும் முடிவுகள் வேறு. முதல் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு 9 முதல் 12 மாதம் வரை அவகாசம் இருக்கிறது. இரண்டாவது தவணைக்கும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான ஊசி) முதல் பூஸ்டருக்கும் 16 முதல் 24 மாதம் வரை. திருவிழா, நெல் அறுப்பு, ஊர்ப்பயணம் பார்த்து இவற்றுக்கு நாள் குறிக்கலாம். அரசு மையமா தனியாரா என்பது உங்கள் விருப்பம். அட்டவணையில் இல்லாத சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி ஊசிகளைக் காசு கொடுத்துப் போடுவதா என்பதும் உங்கள் விருப்பம்தான். பிறந்த 24 மணி நேரத்தில் போடும் மஞ்சள் காமாலை பி ஊசியிலும் ஆறாவது வார ஊசியிலும் மட்டும் அந்த இடம் இல்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து அந்தக் கிருமி தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் அப்படித் தங்குவது நூற்றில் ஐந்துக்கும் கீழ்.

கோழிப்பண்ணை வெச்சிருக்கோமுங்க. குஞ்சுக்கு முதல் நாளே மாரெக்ஸ் ஊசி, ஒரு வாரத்துக்குள்ள லசோட்டா என்று போடுகிறோம், அதனால் ஊசி மேல் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் பெட்டி மேலதான். ஐஸ் போச்சுன்னா மருந்து தண்ணிதானே? கரண்ட் போகிற ஊரில், வெயிலில் பையில் வருகிற மருந்தை நம்பி பேரனுக்குப் போடலாமுங்களா?
*வாசகர், நாமக்கல் மாவட்டம்*

மருந்து நன்றாக இருந்தும் அது வந்த வழி கெட்டிருந்தால் பயனில்லை என்பது பண்ணைக்காரருக்குத் தெரிந்த அளவு டவுன்காரருக்குத் தெரியாது. நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் பெட்டி வீட்டு பிரிட்ஜ் அல்ல. சுற்றுச்சுவரில் பனிக்கட்டி அடைத்த ஐ.எல்.ஆர். அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் இருந்தாலே குளிர் தாங்கும்படி செய்தது. அங்கிருந்து அங்கன்வாடிக்கு வருவது நான்கு ஐஸ் பேக் வைத்த சின்னக் கேரியரில்.

எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். பென்டாவேலன்ட், மஞ்சள் காமாலை பி, டிபிடி ஆகியவற்றுக்குச் சூட்டைவிட உறைவதுதான் பகை. ஒருமுறை உறைந்தால் போச்சு. உருகிய பிறகு பார்க்க முன்போலவே இருக்கும், வேலை செய்யாது. அதனால் பிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் வைக்கக்கூடாது. வெளியே வைத்து, காதோரம் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து பிறகுதான் அடுக்க வேண்டும். அவசரத்தில் தவறுவது இந்த இடத்தில்தான். நிற்கிற வரிசை நீளமாக இருந்தாலும் செவிலியர் இதற்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் முணுமுணுக்காதீர்கள்.

நீங்களே கண்ணால் பார்க்கக்கூடியவை நான்கு.

குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிர்நிறமாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டாலோ சதுரம் இன்னும் கறுத்திருந்தாலோ அந்தக் குப்பி வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் இந்தச் சதுரம் சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. அதற்கு செவிலியர் குப்பியைக் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது.

அடுத்து காலாவதித் தேதி. அதற்கடுத்து, குப்பி திறந்த நேரம். தட்டம்மை-ரூபெல்லா, காசநோய்க்கான பிசிஜி இரண்டும் பொடியாக வருபவை. அவற்றுக்கென்றே கொடுத்த கரைதிரவத்தில் கலக்கி நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். கலக்கிய நேரம் குப்பியில் எழுதியிருக்கும். காலை ஒன்பதரைக்குக் கலக்கியதை மதியம் இரண்டு மணிக்கு உங்கள் பேரனுக்குப் போட வந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். நேரம் கடந்த குப்பியில் கிருமி வளர்ந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பென்டாவேலன்ட் போன்ற திரவ ஊசிகளுக்கு இந்த நான்கு மணிக் கணக்கு இல்லை. சரியாகக் குளிரில் இருந்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம். ஆகவே "ஏற்கெனவே திறந்தது" என்று அதை ஒதுக்க வேண்டாம்.

நான்காவது, சிரிஞ்சு. உறையை உங்கள் கண்முன் கிழிக்க வேண்டும். ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் வகைதான் அரசு மையங்களில் இருக்கிறது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு சில காலம் கிராமத்தில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வதும் சடங்குக்காக இல்லை. பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடிய கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் வரும். அதற்கான அட்ரினலின் மருந்து அங்கே கையில் இருக்கும். பைக் ஸ்டார்ட் பண்ணி வெளியே நிற்கிற அப்பாக்கள் இதைப் படிக்கட்டும்.

ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தா, 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் துண்டு பொடி பண்ணிக் கொடுக்கிறோம். எங்க காலத்தில் மூத்தவனுக்கும் அப்படித்தான் கொடுத்தோம். மருமகள் "அளவு தப்பு அம்மா" என்கிறாள்.
*ஓர் அம்முச்சி, கோபிசெட்டிபாளையம்*

மருமகள் சொல்வது சரிங்கம்மா. காய்ச்சல் மருந்தை வயதுக்குக் கொடுப்பதில்லை, எடைக்குக் கொடுப்பது. பாரசிட்டமால் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம். கால் மாத்திரை என்றால் 125 மில்லிகிராம், அது எட்டு கிலோக் குழந்தைக்குச் சரி. ஆறு வாரக் குழந்தை நாலரை ஐந்து கிலோதான் இருக்கும். ஐந்து கிலோவுக்கு 75 மில்லிகிராம் போதும்.

அதைவிடப் பெரிய தவறு சொட்டு மருந்தையும் சிரப்பையும் மாற்றிவிடுவது. சொட்டு மருந்து பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், ஐந்து கிலோக் குழந்தைக்கு முக்கால் மில்லி. 5 மில்லிக்கு 125 என்று போட்ட சிரப்பானால் 3 மில்லி. 5 மில்லிக்கு 250 என்றால் ஒன்றரை மில்லி. சிரப் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் 3 மில்லி கொடுத்தால் அது நான்கு மடங்கு. ஈரல் தாங்காது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். வீட்டுக் கரண்டியை நம்பாமல் பாட்டிலோடு வந்த அளவுக்குழாயைப் பயன்படுத்துங்கள். காய்ச்சல் வருமுன் "எதுக்கும் இருக்கட்டும்" என்று கொடுப்பதும் தேவையில்லை. அப்படிக் கொடுத்தால் ஊசியின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் குறைவதாகத் தெரிய வந்திருக்கிறது.

பென்டாவேலன்ட் போட்டால் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோ தொடை வீக்கமோ வரும், ஒன்றிரண்டு நாளில் போகும். தொடையில் ஒத்தடம் கொடுக்க ஈரத்துணி போதும். சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம், தேய்க்கவே கூடாது. சிறு கட்டி மட்டும் சில வாரம் இருந்தால் கவலை இல்லை. அது சிவந்து, சூடாகி, பெரிதாகிக்கொண்டே போனால் காட்டுங்கள். பிசிஜி போட்ட இடது கையில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து உடைந்து வடுவாகும். அதில் மஞ்சளோ களிம்போ போட வேண்டாம். வடு வரவில்லை என்றாலும் மறுபடி போடத் தேவையில்லை.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால். மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் வீறிட்டு அழுதால். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையானால் ஒரு நாளுக்கு மேல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நின்றாலே. ஜன்னி (வலிப்பு) கண்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108.

ஊரில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டாச்சு. குழந்தைக்கு ஒன்பது மாசம் முடிஞ்சிருக்கு. "கம்பம் இருக்கிறப்ப அம்மை ஊசி போட்டா ஆத்தா கோவிச்சுக்குவா" என்கிறாங்க மாமியார். என்ன பண்ணட்டும்?
*வாசகி, பவானி*

ஒத்திப்போட இடம் இருக்கும் ஊசி இது என்று மேலே சொன்னோம். ஒன்பது மாதம் முடிந்த குழந்தைக்குக் கம்பம் பிடுங்கும்வரை பதினைந்து நாள் பொறுப்பதால் பெரிதாகக் குறையாது. மாமியாரோடு சண்டை போடுவதைவிட, கம்பம் பிடுங்கியதும் வரும் புதன்கிழமையைக் காலண்டரில் இப்போதே அவர் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்தான். பக்கத்தில் யாருக்காவது மணல்வாரி என்கிற தட்டம்மை கண்டிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். நோய் எதிர்ப்பு இல்லாதவர்கள் மத்தியில் தட்டம்மை கண்ட ஒருவர் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குக் கொடுத்துவிடுவார், அவ்வளவு வேகம்.

மாமியாரின் பயத்துக்கு இன்னொரு வேர் இருக்கலாம். ஊசி போட்டு ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் சில குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும் வரும். அதைப் பார்த்து "ஊசியால அம்மை பார்த்திருச்சு" என்று ஊரில் பேச்சு கிளம்பும். அது அடுத்தவருக்குத் தொற்றாது, தானாகப் போய்விடும். வேப்பிலை கட்டுவதில் ஒரு தப்பும் இல்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில் இருக்கிறது. கொள்ளைநோய்க்கு அம்மனை வேண்டிக்கொண்ட ஊர் இது, அது ஊசிக்கு எதிரான பக்தி இல்லை.

நிஜமாகவே தட்டம்மை கண்ட குழந்தையானால் வீட்டில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைட்டமின் ஏ கேளுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள், ஒரு வயதுக்கு மேல் இரண்டு லட்சம் யூனிட், ஆறு முதல் பதினோரு மாதம் வரை ஒரு லட்சம். கண்ணைக் காப்பாற்றும். பத்தியம் என்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

ஒன்பதாம் மாத ஊசி நூற்றில் 85 குழந்தைகளுக்குத்தான் பிடிக்கும். அதனால்தான் 16 மாதத்துக்குப் பிறகு இரண்டாவது. "ஒண்ணு போட்டாச்சே" என்று விட்டுவிடாதீர்கள்.

எங்க லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக் குடும்பத்தின் குழந்தைக்குப் பதினாலு மாசம். அட்டை ஊரில் தொலைந்துவிட்டது. "ரெண்டு தடவை தொடையில் போட்டாங்க" என்கிறாள் அம்மா. முதலில் இருந்து ஆரம்பிக்கணுமா?
*வாசகி, திருப்பூர்*

எந்த மாநிலத்தவரானாலும் ஊசி இலவசம், பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். முதலில் அம்மாவின் பழைய செல்போன் எண்ணைக் கேளுங்கள். அரசின் தடுப்பூசிப் பதிவுக்கான யு-வின் தளத்தில் பதிந்திருந்தால் விவரம் அதிலேயே கிடைக்கும். இல்லையென்றால் இடது கையில் பிசிஜி வடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வயதுக்கு மேல் பிசிஜி போடுவதில்லை, ரோட்டாவும் புதிதாக ஆரம்பிப்பதில்லை.

விட்டுப்போன ஊசிக்குப் பொதுவிதி: போட்டது போட்டதுதான், விட்ட இடத்திலிருந்து தொடரலாம், தவணைக்கு நடுவில் குறைந்தது நான்கு வாரம். ஒரு வயதுக்குள் பென்டாவேலன்ட் ஆரம்பித்த குழந்தைக்கு மீதியையும் அதிலேயே முடிப்பார்கள். ஒன்றுமே போடாத குழந்தையானால் டிபிடி, ஏழு வயது வரை போடலாம். போலியோ சொட்டு ஐந்து வயது வரை. தட்டம்மை-ரூபெல்லாவை முதல் நாளே போட்டுவிடுவார்கள். அம்மா சொல்வதில் சந்தேகம் இருந்தால் போடாததாகவே கணக்கு வைக்கலாம். ஒரு தவணை கூடுதலாகப் போனால் கெடுதல் இல்லை.

கோவையில் தனியார் ஆஸ்பத்திரியில் "வலி இல்லாத ஊசி" ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். அரசு ஊசியைவிட நல்லதா?
*வாசகர், சூலூர்*

காய்ச்சலும் வீக்கமும் குறைவு, அது உண்மை. கக்குவான் கிருமியை முழுதாக வைக்காமல் சில பகுதிகளை மட்டும் வைத்துச் செய்தது அது. அதே காரணத்தால் கக்குவானுக்கான பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. ஒரு நாள் காய்ச்சலுக்குப் பயந்து அவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து, அரசு அட்டவணையில் இல்லாத டைபாய்டு ஊசிக்கோ சின்னம்மை ஊசிக்கோ கொடுக்கலாம்.

ஊசி போட்டால் ஆட்டிசம் வருமா?
*வாசகி, பொள்ளாச்சி*

வராது. 1998இல் பிரிட்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் தொடங்கிய பயம் இது. 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவரது மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் தொடர்பு இல்லை. ஒன்றரை வயதில் பேச்சு வரவில்லை என்று வீட்டில் கவனிப்பதும், இரண்டாவது தட்டம்மை ஊசி போடுவதும் ஒரே சமயம் என்பதால் ஒன்றின் பழி மற்றதன் மேல் விழுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், விரலால் சுட்டிக்காட்டாமல் இருந்தால் ஊசியைப் பற்றி யோசித்துக்கொண்டு மாதங்களைக் கழிக்காமல் குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சளி, இருமல் இருக்கிறது. ஊசி போடலாமா?
*வாசகர், மேட்டுப்பாளையம்*

போடலாம். லேசான சளி, இருமல், பல் முளைப்பது, குறைமாதத்தில் பிறந்தது எதுவும் தடை இல்லை. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. கடும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை, முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை அல்லது ஒரு வாரத்துக்குள் மூளை பாதிப்பு, குடல் செருகல் வந்த குழந்தைக்கு ரோட்டா, நோய் எதிர்ப்புக் குறைபாடோ அதிக அளவு ஸ்டீராய்டு சிகிச்சையோ இருக்கும் குழந்தைக்கு உயிருள்ள கிருமி ஊசிகள் ஆகியவற்றை மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.